கம்பிக்கும் காற்றுக்கும் நடுவே 20 மில்லிமீட்டர்

அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஏதோ ஒரு அடுக்ககத்தில் இரண்டாம் மாடி வீட்டை வாங்க வங்கியில் கடன் கேட்டால், சில நாளில் மதிப்பீட்டாளர் ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போவார். லேசர் கருவியை வைத்து அறைகளை அளப்பார். நான்கு எல்லைகளையும் கேட்டுக் குறித்துக்கொள்வார். வாசல் கதவு தேக்கா வேங்கையா, தரை வெட்ரிஃபைடு டைல்ஸா, சமையல் மேடை கிரானைட்டா என்று பார்ப்பார். மொட்டை மாடிக் கதவு திறந்திருந்தால் மேலே ஏறுவார். பூட்டியிருந்தால் சாவி கேட்க மாட்டார். செல்பேசியில் எட்டுப் பத்துப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அரை மணி நேர வேலை. பிறகு வங்கிக்குப் போகும் அறிக்கையில் பல பக்கங்கள் இருக்கும். அதில் ஒரு கட்டத்தில் ‘கட்டுமானத்தின் தரம்’ என்று கேட்டிருப்பார்கள். எதிரே அநேகமாக ‘நன்று’ என்று எழுதியிருக்கும்.

திருமுல்லைவாயலிலும் நன்று, பட்டாபிராமிலும் நன்று, பூந்தமல்லி டிரங்க் ரோட்டிலும் நன்று. எந்தத் தண்ணீரில் கலவை போட்டார்கள், எத்தனை நாள் ஈரம் காத்தார்கள், கம்பியை எங்கே வைத்தார்கள் என்ற எதுவும் அந்தக் கட்டத்துக்குள் வருவதில்லை. சென்னையின் மேற்குப் புறநகரில் நடுத்தரக் குடும்பங்கள் 20 ஆண்டுத் தவணைக்குத் தலையைக் கொடுத்து வாங்கும் மூன்று, நான்கு மாடி வீடுகளின் விலை இப்படித்தான் முடிவாகிறது. இந்த முறை முகவரியை அளக்கிறது, பரப்பை அளக்கிறது, வயதை அளக்கிறது. கட்டடத்தை மட்டும் விட்டுவிடுகிறது. கெடுதல் வாங்குபவரோடு நிற்பதில்லை. ஒழுங்காகக் கட்டும் சிறு கட்டுநருக்கு அவர் கூடுதலாகப் போட்ட பணம் திரும்புவதே இல்லை. பக்கத்து மனையில் மிச்சம் பிடித்தவரும் அதே சதுர அடி விலைக்குத்தான் விற்கிறார். இரண்டு மூன்று கட்டடம் கட்டி முடிப்பதற்குள் நல்லவருக்கும் கணக்குப் புரிந்துவிடும்.

எல்லாருக்கும் ஒரே தேய்மானம்

மதிப்பீட்டுக் கணக்கு எளியது. அக்கம்பக்கத்தில் சதுர அடி என்ன விலைக்குப் போகிறது என்று விசாரிக்கிறார்கள். அதை இரண்டாகப் பிரிக்கிறார்கள்: யூடிஎஸ் எனப்படும் பிரிபடாத மனைப் பங்கின் விலை ஒன்று, கட்டடத்தின் விலை இன்னொன்று. கட்டடத்துக்குப் பொதுப்பணித் துறையின் தளப்பரப்பு விகிதத்தையோ, ஒப்பந்தக்காரர்கள் சொல்லும் சந்தை விலையையோ வைத்துக்கொள்கிறார்கள். அதிலிருந்து வயதுக்கான தேய்மானம் கழிகிறது. கான்கிரீட் சட்டகக் கட்டடத்துக்கு ஆயுள் 60 ஆண்டு என்று கொண்டு, இடித்தால் தேறும் கம்பி, கதவு, ஜன்னலுக்கு 10 சதவீதம் ஒதுக்கி, மீதி 90 சதவீதத்தை ஆண்டுக்கு இவ்வளவு என்று சமமாகப் பங்கிடுவது பரவலான வழக்கம். 20 வயதுக் கட்டடம் என்றால் தேய்மானம் 30 சதவீதம். ஒரே தெருவில் ஒரே ஆண்டில் எழும்பிய இரண்டு கட்டடங்களில் ஒன்றின் குளியலறைக் கூரையில் காரை உதிர்ந்து கம்பி செம்பழுப்பாகத் தெரிந்தாலும், மற்றொன்றில் ஒரு மயிரிழை விரிசல்கூட இல்லாவிட்டாலும், இரண்டுக்கும் அதே 30.

இந்தக் கணக்கை ஒரு நிஜக் கட்டடத்தில் போட்டுப் பார்க்கலாம். திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் அன்றைய குடிசை மாற்று வாரியம் 1993இல் கட்டிய அடுக்ககத்தின் ஒரு தொகுதி, 2021 டிசம்பர் 27 அன்று இடிந்து விழுந்தது. 24 வீடுகள். விரிசலைக் கண்டு எல்லோரும் முன்கூட்டியே வெளியேறியதால் உயிர்ச்சேதம் இல்லை. அப்போது கட்டடத்துக்கு வயது 28. மேற்சொன்ன சூத்திரப்படி தேய்மானம் 42 சதவீதம்தான். விழுவதற்கு முதல் நாள் மாலைவரை அந்தக் கட்டடத்தின் மதிப்பில் 58 சதவீதம் தாளில் அப்படியே இருந்திருக்கும்.

அது வட சென்னை, அரசுக் கட்டடம், கடற்காற்று வேறு என்று ஒதுக்கிவிடலாம்தான். மேற்குப் பக்கம் கடற்காற்று குறைவு. ஆனால் கம்பியைத் தின்பதற்கு உப்புக் காற்றுதான் வேண்டும் என்றில்லை, சாதாரணக் காற்றே போதும்.

கான்கிரீட்டின் காரத்தன்மைதான் உள்ளே இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்காமல் காக்கிறது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு மெல்ல மெல்ல உள்ளே இறங்கி அந்தக் காரத்தைக் கொன்றுகொண்டே வரும். அது கம்பியைத் தொட்ட நாளிலிருந்து துரு ஆரம்பம். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். அதனால்தான் கூரைக் காரை பிளந்து விழுகிறது. இதைத் தள்ளிப்போடுவது கம்பிக்கு வெளியே இருக்கும் கான்கிரீட் போர்வை. கட்டுமானக்காரர்கள் அதை ‘கவர்’ என்பார்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 456 விதிநூல் (2000) தளத்துக்குக் குறைந்தது 20 மி.மீ., தூணுக்கு 40 மி.மீ., அஸ்திவாரத்துக்கு 50 மி.மீ. கேட்கிறது.

இதில் பலர் கவனிக்காத கணக்கு ஒன்று உண்டு. காற்று இறங்கும் ஆழம் காலத்தின் வர்க்கமூலத்தை ஒட்டி வளரும். 20 மி.மீ. கடக்க 40 ஆண்டு ஆகும் கான்கிரீட்டில், கவர் 10 மி.மீ.தான் இருந்தால் 20 ஆண்டு கிடைக்காது, 10 ஆண்டுதான். ஒரு சென்டிமீட்டர் குறைந்தால் காலத்தில் முக்கால் பங்கு போய்விடும். அந்த ஒரு சென்டிமீட்டர் ஏன் குறைகிறது? கம்பி வலைக்கு அடியில் வைக்க வேண்டிய கவர் பிளாக்கை வாங்காமல், கையில் கிடைத்த ஜல்லித் துண்டை முட்டுக் கொடுப்பார்கள். கான்கிரீட் கொட்டும்போது சித்தாள்கள் வலை மேல் நடப்பார்கள். ஜல்லி நகர்ந்து கம்பி சென்ட்ரிங் பலகையில் போய்ப் படுத்துக்கொள்ளும். கவர் பிளாக் ஒன்று சில ரூபாய். முழுக் கட்டடத்துக்கும் சேர்த்தாலும் ஒரு வீட்டின் சமையல் மேடை கிரானைட் செலவுக்குக் கிட்டே வராது. கிரானைட் மதிப்பீட்டில் ஏறுகிறது, கவர் பிளாக் ஏறுவதில்லை.

இந்த மண்ணும் இந்தத் தண்ணீரும்

அம்பத்தூர், கொரட்டூர், அயப்பாக்கம், பருத்திப்பட்டு, செம்பரம்பாக்கம் என்று ஏரிகளின் பெயரைச் சொல்லிக்கொண்டே போனால் மேற்குப் புறநகரின் வரைபடம் வந்துவிடும். ஏரிகளுக்கு நடுவிலும் ஓரத்திலும் அடியில் களிமண் பாங்கான நிலம் நிறைய. மழையில் உப்பி, கோடையில் சுருங்கும் களியில் ஐந்தடி ஆறடி தோண்டித் தனித்தனி அடித்தளம் போட்டால், ஜன்னல் மூலையிலிருந்து குறுக்காக ஓடும் விரிசல் இரண்டாம் கோடையிலேயே வரலாம். இத்தகைய மண்ணுக்காகவே ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆய்வு நிறுவனம், அடியில் குமிழ்போல் விரியும் ‘அண்டர்ரீம்டு’ பைல் முறையைப் பரப்பியது. எந்த அடித்தளம் வேண்டும் என்று தெரிய முதலில் மண் பரிசோதனை வேண்டும். மூன்று மாடிக்கு எதற்கு சார் மண் பரிசோதனை என்பதுதான் வழக்கமான பதில். பக்கத்து மனைக்காரர் எவ்வளவு ஆழம் போனார் என்று கேட்டு அதே ஆழம் போகிறவர்கள் உண்டு. பக்கத்து மனை பழைய மேட்டு நிலமாகவும் இந்த மனை நிரப்பிய பள்ளமாகவும் இருக்கலாம்.

தண்ணீர் இன்னொரு சங்கதி. குடிநீர் வாரிய இணைப்பு வருவதற்கு முன்பே கட்டடம் எழுந்துவிடும். ஆகவே போர் தண்ணீர். அது வற்றினால் லாரித் தண்ணீர். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மிகக் கூடாது என்கிறது ஐ.எஸ். 456. கம்பியில்லாத கான்கிரீட்டுக்கு அந்த வரம்பு 2,000. ஒரு பாட்டில் தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்தால் தெரிந்துவிடும் விஷயம். சோதித்த காகிதத்தைக் காட்டுங்கள் என்று மதிப்பீட்டாளர் எவரும் கேட்பதில்லை.

குளோரைடு பெரிய கட்டடங்களையும் விட்டதில்லை. சாலிகிராமத்தில் 600க்கும் மேற்பட்ட வீடுகள் கொண்ட 17 மாடி வளாகத்தில், குடிவந்து சில ஆண்டுகளிலேயே கூரைகள் உதிரத் தொடங்கி, ஐ.ஐ.டி. வல்லுநர்கள் ஆய்ந்து, விவகாரம் உயர் நீதிமன்றம்வரை போனதை நகரமே பார்த்தது. அங்கே பேசப்பட்ட காரணங்களில் முதன்மையானது கான்கிரீட்டில் இருந்த குளோரைடு. பெரிய பெயர் உள்ளவரிடம் வாங்கினால் நிம்மதி என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். தரம் கட்டுநரின் அலுவலக வரவேற்பறையைப் பார்த்து வருவதில்லை.

ஈரம் காப்பது பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சாதாரண சிமென்ட்டுக்குக் குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்த பி.பி.சி. சிமென்ட்டுக்கும் கடும் வெயில் காலத்துக்கும் 10 நாள் என்பது விதி. வீட்டு வேலைக்கு இன்று கடைகளில் தாராளமாகக் கிடைப்பது பி.பி.சி.தான். தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துகிறார்கள். அது கண்ணுக்குத் தெரிகிறது. தூணுக்குச் சாக்கு சுற்றி நனைப்பது இரண்டாம் நாளே நின்றுவிடுகிறது. கட்டடத்தின் முழுப் பாரத்தையும் சுமக்கப்போவது அந்தத் தூண்.

ஆற்று மணலின் இடத்துக்கு எம்-சாண்ட் வந்துவிட்டது. அதில் தவறில்லை, நல்ல எம்-சாண்ட் நல்ல மணல்தான். கிரஷர் தூசியை எம்-சாண்ட் என்று விற்பதுதான் கேடு. தூசி கூடினால் கலவை அதிகத் தண்ணீர் குடிக்கும், தண்ணீர் கூடினால் வலு குறையும். மாநில அரசு 2023இல் எம்-சாண்டுக்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டது. மனையில் இறங்கும் லாரியை அந்தக் கொள்கை எத்தனை தடவை எட்டிப் பார்க்கிறது என்பது வேறு கேள்வி.

பூசாத இடங்களைப் பாருங்கள்

கட்டி முடித்து, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்த வீட்டில் என்ன தெரியும் என்று மதிப்பீட்டாளர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் எந்தக் கட்டுநரும் எல்லா இடத்தையும் அழகுபடுத்துவதில்லை. வரவேற்பறையை விட்டுவிட்டு, யாரும் படம் எடுக்காத மூலைகளுக்குப் போனால் கட்டடம் தானே பேசும்.

முதல் இடம் ஸ்டில்ட் எனப்படும் கார் நிறுத்தும் தளம். அங்கே கூரைக்குப் பட்டி கிடையாது. பல இடங்களில் பூச்சே மேலோட்டமானது. பீமும் தூணும் சேரும் மூட்டில் கான்கிரீட் தேன்கூடுபோல ஓட்டை ஓட்டையாக இருக்கிறதா, அதைச் சிமென்ட் பால் பூசி மறைத்திருக்கிறார்களா, கூரையின் அடிப்பக்கத்தில் கம்பி ஓடும் கோடு நிழலாகத் தெரிகிறதா என்று பார்க்கலாம். அப்படிக் கோடு தெரிந்தால் கவர் இல்லை. அங்கேயே டேப்பை வைத்துத் தூணை அளக்கலாம். சுவர் 9 அங்குலம் என்பதால் தூணும் அதற்குள் மறைய வேண்டும் என்று 9 அங்குலத் தூண் போடுவது நம் ஊர்ப் பழக்கம். அறையில் தூண் துருத்திக்கொண்டு நின்றால் வாங்குபவர்களுக்கே பிடிப்பதில்லை. நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டுமானத்துக்கான ஐ.எஸ். 13920 (2016) தூணின் எந்தப் பக்கமும் 300 மி.மீ.க்கு, அதாவது ஏறக்குறைய 12 அங்குலத்துக்குக் குறையக் கூடாது என்கிறது. 2002 முதல் சென்னை நிலநடுக்க மண்டலம் 3இல் இருப்பதால் இந்த விதி நமக்கும் உண்டு.

ஸ்டில்ட் பற்றி இன்னொன்று. மேல் மாடிகளில் செங்கல் சுவர் அடைத்து விறைப்பாக நிற்க, கீழே வெறும் தூண்கள் மட்டும் நிற்பது நிலநடுக்கத்துக்குப் பிடித்தமான அமைப்பு. 2001 ஜனவரி 26 பூஜ் நிலநடுக்கத்தில், மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளியிருந்த அகமதாபாத்தில் மண்ணோடு உட்கார்ந்தவற்றில் கார் நிறுத்தத் தளம் விட்ட அடுக்ககங்கள் பல. அவற்றில் நான்கைந்து மாடிக் கட்டடங்களும் இருந்தன. அதன் பிறகுதான் 2002இல் திருத்திய விதிநூல், அத்தகைய தளத்தின் தூண்களை இரண்டரை மடங்கு விசைக்கு வடிவமைக்கச் சொன்னது. நம் புறநகரின் புது அடுக்ககங்களில் ஸ்டில்ட் இல்லாததைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

அடுத்து மொட்டை மாடி. மழை நின்ற மறுநாள் போனால் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று பாசியின் கறையே சொல்லும். மேல்தொட்டிக்கு நேர் கீழே உள்ள கூரை, மாடிப்படியின் அடிப்பக்கம், கழிப்பறைக்கு வெளிச்சுவர், குழாய் சுவரைத் துளைத்து வெளியே வரும் இடம், தூணும் செங்கல் சுவரும் சேரும் கோடு. கோழிவலை அடிக்காமல் பூசியிருந்தால் அந்தக் கோட்டில் நேர்ச் செங்குத்தாக விரிசல் ஓடும். அது பயப்பட வேண்டிய விரிசல் இல்லை, ஆனால் கட்டியவரின் குணத்தைச் சொல்லும். குறுக்காக ஓடும் விரிசல் வேறு ஜாதி. தரையை நாணயத்தால் தட்டிக்கொண்டே போனால் டைல்ஸுக்கு அடியில் கலவை இல்லாத இடம் பொள்ளென்று ஒலிக்கும். மேஸ்திரிகள் இதையெல்லாம் பத்து நிமிடத்தில் செய்துவிடுவார்கள். வீடு வாங்கப் போகும்போது வக்கீலை அழைத்துப் போகும் நாம் ஒரு கொத்தனாரை அழைத்துப் போவதில்லை.

வாசலில் நின்று தெருவைப் பார்ப்பதும் தரப் பரிசோதனைதான். சாலை போடும்தோறும் தெரு உயர்கிறது, கட்டடத்தின் பேஸ்மட்டம் தாழ்கிறது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் அம்பத்தூர் தொழிற்பேட்டையைச் சுற்றி என்ன ஆயிற்று என்பதை அங்கே இருப்பவர்களிடம் கேட்டால் சுவரில் உயரத்தைக் கைவைத்தே காட்டுவார்கள். சம்ப்பின் வாய் சாலைக்குக் கீழே இருந்தால், அந்தக் கட்டடத்தின் தண்ணீர் ஒவ்வொரு பெருமழைக்கும் கெடும்.

கருவிகளும் இருக்கின்றன. கம்பியின் ஆழத்தைக் காட்டும் கவர் மீட்டர், தட்டிப் பார்த்து வலுவைக் கணிக்கும் ரீபவுண்டு சுத்தியல், ஒலியலையை உள்ளே அனுப்பும் சோதனை. சுத்தியலின் கணிப்பில் 25 சதவீதம் மேலே கீழே போகலாம் என்று தர நிர்ணய நூலே ஒப்புக்கொள்கிறது. அதை மட்டும் நம்பக் கூடாது. ஒலியலை நொடிக்கு 3.5 கிலோமீட்டருக்கு மேல் ஓடினால் கான்கிரீட் நன்று, 3க்குக் கீழே போனால் சந்தேகம் என்பது பழகிய வரையறை. ‘நன்று’ என்று எழுதுவதற்கு ஒரு எண் இருக்கிறது என்று தெரிகிறதல்லவா?

எட்டு வீட்டுக்குள் ஒளிந்துகொள்ளலாம்

2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் நல்ல சட்டம். அதன் 14ஆம் பிரிவு, ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் கட்டமைப்பிலோ வேலைப்பாட்டிலோ குறை தெரிந்தால், கட்டுநர் 30 நாளுக்குள் தன் செலவில் சரிசெய்ய வேண்டும் என்கிறது. ஆனால் 3ஆம் பிரிவு 500 சதுர மீட்டருக்கு மிகாத மனைக்கும் எட்டு வீட்டுக்கு மிகாத திட்டத்துக்கும் பதிவிலிருந்து விலக்குத் தருகிறது. 500 சதுர மீட்டர் என்பது 5,382 சதுர அடி. இரண்டு கிரவுண்டு மனை 4,800 சதுர அடி. இரண்டு கிரவுண்டில் ஸ்டில்ட்டும் மூன்று மாடியுமாக ஆறு வீடோ எட்டு வீடோ கட்டுவதுதான் இந்தப் பகுதியின் அச்சு வார்ப்பு. மொத்தமும் விலக்குக்குள் சுகமாக உட்கார்ந்துவிடுகிறது. மாநிலத்தின் ஒருங்கிணைந்த கட்டட விதிகளும் (2019) வீட்டு எண்ணிக்கை, உயர வரம்புகளுக்கு உட்பட்டு 750 சதுர மீட்டருக்கு மிகாத சிறு குடியிருப்புகளுக்கு நிறைவுச் சான்றிதழே வேண்டாம் என்று விடுகின்றன. சிறு ஆட்களை அலையவிடக் கூடாது என்ற நோக்கம் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் அரசு பார்க்காத இடத்தில் வேறு யாராவது பார்த்தாக வேண்டும். அங்கே மிஞ்சியிருப்பவர் வங்கியின் மதிப்பீட்டாளர் ஒருவர்தான்.

அரசு பார்த்த இடத்தில் மட்டும் எல்லாம் சரியாக நடந்ததா என்று கேட்பார்கள். 2014 ஜூன் 28 மாலை, போரூரை அடுத்த மௌலிவாக்கத்தில் முடியும் தறுவாயில் இருந்த 11 மாடிக் கட்டடம் மழைக்கு நடுவே சரிந்து 61 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் அங்கே வேலை செய்த தொழிலாளர்கள். அதற்கு அனுமதி இருந்தது. முதலில் இடி மேல் பழி போட்டார்கள். நீதிபதி ரகுபதி ஆணையம் விசாரித்தது. பக்கத்தில் நின்ற இரட்டைக் கட்டடத்தை 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்த்தார்கள். தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் 2021இல் புது அரசுக் குடியிருப்பின் பூச்சைக் குடியிருந்தவர்கள் விரலால் சுரண்டி உதிர்த்துக் காட்டினார்கள். அதன் பிறகுதான் ஆய்வுக்கு சென்னை ஐ.ஐ.டி.யின் மையம் ஒன்று அழைக்கப்பட்டது. இரண்டிலும் கண்காணிப்பு வந்தது, ஆனால் நடந்த பிறகு.

பத்திரப் பதிவுத் துறை 2023 டிசம்பர் 1 முதல் புது அடுக்கக வீடுகளுக்கு மனைப் பங்கையும் கட்டடத்தையும் சேர்த்துக் கூட்டு மதிப்பு கொண்டுவந்தது. கணக்கு வெளிப்படையாவது நல்லதுதான். ஆனால் பகுதியையும் வசதிகளையும் பார்க்கும் அந்த மதிப்பிலும் கம்பிக்கும் கான்கிரீட்டுக்கும் இடமில்லை. நீச்சல் குளம் இருந்தால் தெரியும். கவர் இல்லாவிட்டால் தெரியாது.

வெளியூரில் எப்படி

அமெரிக்காவில் வீட்டுக் கடன்களை வாங்கும் பெரு நிறுவனங்கள் ஃபேனி மே, ஃப்ரெடி மேக். 2011 முதல் இவர்களுக்குப் போகும் மதிப்பீட்டு அறிக்கைகளில் கட்டுமானத் தரத்துக்கு கியூ1 முதல் கியூ6 வரையும், இப்போதைய நிலைக்கு சி1 முதல் சி6 வரையும் தனித்தனியாகக் குறிக்க வேண்டும். ஒவ்வொரு படிக்கும் எழுதிவைத்த வரையறை உண்டு. தரமும் நிலையும் வேறு வேறு என்று பிரித்ததுதான் இதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது. நேற்று பெயின்ட் அடித்த மோசமான கட்டடமும், பத்து ஆண்டாக வெள்ளையடிக்காத கெட்டியான கட்டடமும் நம் அறிக்கைகளில் இடம் மாறிப் போகின்றன. அங்கேயும் மதிப்பீட்டாளர் கான்கிரீட்டைத் துளைத்துப் பார்ப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நமக்கு இன்னும் பொருத்தமானது ஜப்பான். அங்கே 2000ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த சட்டம், புது வீட்டின் முக்கியக் கட்டமைப்புக்கும் மழைநீர் புகாமைக்கும் 10 ஆண்டுப் பொறுப்பைக் கட்டுநர் மேல் வைத்தது. 2005இல் ஒரு கட்டடக் கலைஞர் நிலநடுக்கத் தாங்குதிறன் கணக்குகளைப் போலியாகப் போட்டது வெளிவந்தபோது, பொறுப்பேற்க வேண்டிய நிறுவனம் திவாலாகிவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. அதன் விளைவாக 2009 முதல் கட்டுநர் காப்பீடு எடுக்க வேண்டும், அல்லது பணம் வைப்பாக வைக்க வேண்டும் என்றாயிற்று. காப்பீடு கொடுப்பவர் சும்மா கொடுப்பாரா? கம்பி கட்டிய நிலையில் வந்து பார்க்கிறார். தன் பணம் போகும் என்ற பயம் இருப்பவர் பார்க்கும் பார்வையே தனி.

நம் ஊரில் அந்தப் பயம் இருக்க வேண்டியவர் வங்கிக்காரர். வேடிக்கை என்னவென்றால், அவருடைய ஆள் சரியான நேரத்தில் சரியான இடத்துக்கு ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கிறார். கட்டும் வீட்டுக்கான கடன் கட்டம் கட்டமாகத்தான் விடுவிக்கப்படுகிறது: அஸ்திவாரம், முதல் தளம், இரண்டாம் தளம், பூச்சு. ஒவ்வொரு கட்டத்துக்கும் பொறியாளர் ஒருவர் மனைக்குப் போய், வேலை எத்தனை சதவீதம் முடிந்தது என்று சான்று தருகிறார். எவ்வளவு முடிந்தது என்று மட்டும் கேட்கிறார்கள், எப்படி முடிந்தது என்று கேட்பதில்லை. அவருடைய வருகையைத் தளம் போட்ட மறுநாளுக்குப் பதில் முந்தின நாளுக்கு மாற்றினால் போதும். கம்பி வெளியே தெரியும். கவர் பிளாக் இருக்கிறதா, தூண் வளையங்களின் கொக்கி 135 பாகைக்கு உள்ளே மடிந்திருக்கிறதா, வரைபடத்தில் உள்ள எண்ணிக்கையில் கம்பி இருக்கிறதா என்று இருபது படம் எடுத்து வைக்கலாம். கட்டடம் மூடிக்கொண்ட பிறகு எத்தனை கருவி கொண்டுவந்தாலும் இந்த இருபது படத்துக்கு ஈடாகாது.

இதோடு கான்கிரீட் கட்டிப் பரிசோதனை. ஒரு கிரவுண்டு பரப்புள்ள தளத்தை 5 அங்குலத் தடிமனில் போட்டால், பீம்களை விட்டுவிட்டாலும் சுமார் 28 கன மீட்டர் கான்கிரீட் ஆகும். ஐ.எஸ். 456 கணக்கில் அதற்கு மூன்று மாதிரி, மாதிரிக்கு மூன்று கட்டி, ஆக ஒன்பது. ஒன்பது கட்டிகளை 28 நாள் தண்ணீரில் போட்டு ஆய்வகத்தில் நசுக்கிப் பார்க்கும் செலவு, அந்தத் தளத்தின் செலவுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. மண் அறிக்கை, தண்ணீர் அறிக்கை, கம்பியின் ஆலைச் சான்று, கட்டமைப்பு வரைபடம், கட்டி முடிவுகள், அந்த இருபது படங்கள் எல்லாம் சேர்ந்தால் ஒரு மெல்லிய கோப்பு. அந்தக் கோப்பு உள்ள கட்டடத்துக்குத் தேய்மானக் கணக்கில் 60 ஆண்டு கொடுங்கள். கோப்பு இல்லாததற்கு 40 கொடுங்கள். 20ஆம் ஆண்டில் முதலாவதின் தேய்மானம் 30 சதவீதம், இரண்டாவதின் தேய்மானம் 45. அந்த 15 சதவீத வித்தியாசம் மறுவிற்பனையில் தெரிய ஆரம்பித்தால், கவர் பிளாக்குக்கு யாரும் சட்டம் போட வேண்டியதில்லை.

மதிப்பீட்டாளர்கள் இதற்குச் சொல்லும் மறுப்பு தெரிந்ததுதான்: கிடைக்கும் கட்டணத்துக்கு இவ்வளவு பார்க்க முடியாது, நாளைக்கு ஏதாவது ஆனால் கையெழுத்துப் போட்டவன் மாட்டிக்கொள்வான். கட்டணம் குறைவு என்பது உண்மை. அதை உயர்த்தலாம்; 50 லட்ச ரூபாய் கடனில் இன்னும் சில ஆயிரம் யாரையும் முழுகடிக்காது. பொறுப்புக்குப் பயந்தால், பார்க்காததை ‘பார்க்கவில்லை’ என்று எழுதும் வழி திறந்தே இருக்கிறது. இப்போது பயமில்லாமல் எழுதும் ‘நன்று’தான் உண்மையில் ஆபத்தான கையெழுத்து.

விலை ஏறிவிடும் என்ற பேச்சும் வரும். கவர், ஈரம், கோழிவலை, பரிசோதனை எல்லாம் சேர்ந்து சதுர அடிக்கு ஏற்றுவது சொற்பம். மாடுலர் கிச்சனுக்கு அதைவிட அதிகமாகக் கொடுக்கச் சலிக்காத சந்தை இது. சிறு கட்டுநர் நசுங்கிப்போவார் என்பதையும் நான் நம்பவில்லை. அதே தெருவில் குடியிருந்துகொண்டு, வாங்கியவர்கள் முகத்தில் தினமும் விழிக்க வேண்டிய சிறு கட்டுநர் பலர் கெட்டியாகவே கட்டுகிறார்கள். அவர்களுக்கு இன்று தங்கள் வேலையை நிரூபிக்கக் காகிதம் கிடையாது, அதுதான் குறை.

2022ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் இப்போது நடைமுறைக்கு வந்துவிட்டது. மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒத்துக்கொண்டால் பழைய அடுக்ககத்தை இடித்துக் கட்டலாம். மெட்ரோ வரும் பூந்தமல்லிப் பக்கமும், மனை விலை ஏறும் அம்பத்தூர்ப் பக்கமும் இந்தப் பேச்சு சூடுபிடிக்கும். கட்டடம் தாங்குமா தாங்காதா என்ற வாக்குவாதம் ஒவ்வொரு சங்கக் கூட்டத்திலும் எழும். ஒரு பக்கம் இடிக்கத் துடிக்கும் தரகர், இன்னொரு பக்கம் அசைய மறுக்கும் பெரியவர். நடுவே வைத்துப் பார்க்க ஒரு தாள்கூட இருக்காது, ஏனென்றால் கட்டிய நாளிலிருந்து யாரும் எதையும் எழுதிவைக்கவில்லை.

வங்கிகளிடம் கேட்க வேண்டிய முதல் காரியம் இவற்றையெல்லாம்விடச் சின்னது. மதிப்பீட்டுக் கட்டணத்தைச் செலுத்துவது கடன் வாங்குபவர். அறிக்கை போவது வங்கிக்கு. பலருக்கு அதன் நகல்கூடக் கிடைப்பதில்லை. முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அந்த நகல் வாங்குபவர் கைக்கு வர வேண்டும், அதில் ‘கட்டுமானத்தின் தரம்’ என்ற கட்டத்துக்கு எதிரே எதைப் பார்த்து அப்படி எழுதினார் என்று மூன்று வரியாவது இருக்க வேண்டும். இதற்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை; வங்கியின் மண்டல அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை போதும்.